குரல் பட்டன்

புதுப்பிக்கப்படுகிறது, பெட்டியின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று டிவியில் எழுத்து வந்து நின்றது. கீழே ஒரு கோடு, கோட்டின் ஓரத்தில் துளி நீலம். யாரு துண்டிக்கப் போறா, என்னமோ நான் பிளக்கைப் பிடுங்கறதுக்கே பொறந்தவன் மாதிரி, என்று மதியழகன் மனசுக்குள் சொல்லிக்கொண்டு கட்டிலில் சுவரோடு சாய்ந்தான். மனசுக்குள் பேசுவதில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. அங்கே நாக்கு நன்றாகப் புரளும், கேலி வரும், கோபம் வரும், கெட்ட வார்த்தைகூட ஜோராக வரும். உதடு வரைக்கும் வந்த பிறகுதான் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஹாலுக்குப் புது டிவி வந்தாகிவிட்டது, ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தேன்மொழி அனுப்பினது. அதற்குள்ளேயே எல்லாப் படமும் வருமாம், தனியாகப் பெட்டி வேண்டாமாம். அதனால் பழைய டிவி உள் ரூமுக்கு, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இந்தக் கறுப்புப் பெட்டியும் உள் ரூமுக்கு, கூடவே மதியழகனும் உள் ரூமுக்கு. பவளக்கொடி ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை, பாவம். "உங்களுக்குப் படுத்துக்கிட்டே பாக்க வசதியா இருக்கும்லங்க" என்றுதான் சொன்னாள். இருக்கும், வசதியாகத்தான் இருக்கும், புருஷனையும் பழைய டிவியையும் ஒரே மூலையில் பார்த்துக்கொள்ள அவளுக்கும் வசதிதான். காலையில் அடுத்த தெருவிலிருக்கும் தையல் கடைக்குக் கிளம்பும்போது "சாயங்காலம் வந்து நானே மாட்டித் தரேன், நீங்க ஒண்ணையும் இழுத்துப் போட்டுக்காதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அதற்காகவே மாட்டினான். இடது கையால் வயரைச் செருகுவதற்குள் வேர்த்துவிட்டது. செருகி பட்டனைத் தட்டினால், ரொம்ப நாளாகப் புதுப்பிக்கவில்லை, முதலில் புதுப்பித்தாக வேண்டும் என்கிறது. சரி பண்ணிக்கோ, எனக்கு என்ன அவசரம், கடையா திறக்கப் போகணும்.

கடை என்ற சொல் வந்ததும் போனை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் குப்புறப் போட்டான். இதைத்தான் காலையிலிருந்து நினைக்கக் கூடாது என்று இருந்தான். மத்தியானம் அந்தோணி அண்ணன் போன் பண்ணுவார். திருச்சி பெரிய கடைவீதியில் அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனுக்கு அவர்தான் சூப்பர்வைசர், அவனைக் கவுண்டரில் நிறுத்திப் பேசப் பழக்கினவரும் அவர்தான். நேற்று பவளத்திடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவேம்மா. நீ எடுக்காத, அவனையே எடுக்கச் சொல்லு. வரேன், வரலை, ரெண்டுல ஒண்ணை அவன் வாயால சொல்லட்டும். இல்லேன்னா பொங்கலுக்கு முதலாளி வேற ஆளைப் போட்டுடுவாரு, அப்புறம் அந்தக் கவுண்டரு அவனுக்கு இல்லை." வலது கை சரியாகத் தூக்கவில்லையே என்று பவளம் இழுத்ததற்கு, "புடவையை விரிச்சுப் போட பத்துப் பசங்க இருக்கானுங்க, பேசத்தாம்மா ஆள் இல்லை" என்றாராம். அவள் அதைச் சந்தோஷமாக வந்து சொன்னாள். அவனுக்கு அது தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. விரிப்பதுதான் வேலை என்றால்கூட இடது கையால் சமாளித்துவிடலாம். பேசத்தான் ஆள் வேண்டுமென்றால் அந்த ஆள் நானில்லை அண்ணே. வாங்கம்மா, உக்காருங்க, முகூர்த்தத்துக்கா, பொண்ணுக்கா, பொண்ணு சிவப்பா மாநிறமா, இந்த அரக்கைக் கொஞ்சம் வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா, முந்தியைப் பாருங்க, உடம்புல பூப்போட்ட புட்டா பாருங்க என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன். ஒரு பச்சை எடுக்க வந்த அம்மாவை மூன்று பட்டோடு அனுப்புவான், அவள் புருஷன் படியிறங்கும்போது திரும்பி முறைத்துவிட்டுப் போவான். அப்படிப் பேசின ஆள் போய்விட்டான். போன் அடித்தால் எடுக்கப் போவதில்லை. அடித்து ஓயட்டும். சாயங்காலம் பவளம் கேட்டால் தூங்கிவிட்டதாகத் தலையை ஆட்டிவிட வேண்டியதுதான்.

நீலம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நகர்ந்ததா, இல்லை கண்ணை மூடித் திறந்ததில் அப்படித் தெரிகிறதா. டாக்டர், பிசியோ, பவளம், தேன்மொழி எல்லோரும் ஒரே பாட்டுத்தான், முன்னைக்கு இப்போ நல்லா முன்னேற்றம், நல்லா முன்னேற்றம். மனுஷர்கள் சொல்வார்கள், படுக்கையில் கிடக்கிறவனிடம் வேறென்ன சொல்வார்கள். ஆனால் மிஷினுக்கு ஏது தாட்சண்யம். ஆனி மாசம் ஸ்ட்ரோக் வந்து, வாய் கோணி, ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் இந்த ரிமோட்டில் குரல் பட்டனை அழுத்திக்கொண்டு பேசிப் பார்ப்பான். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் இதில்தான் படம் தேடுவான். பவளத்துக்கு மிஷினோடு பேசக் கூச்சம், அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தான் தேடுவாள். ஆவணியில் மூன்று வார்த்தை சொன்னால் ஒன்றைப் பிடித்தது. புரட்டாசியில் இரண்டு. ஒரு நாள் காமெடி என்று சொன்னதும் திரை முழுக்கக் காமெடியாகக் கொண்டுவந்து கொட்டியது, அன்றைக்கு ராத்திரி அவன் பவளத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், அவள் சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்து நின்று அழுதாள். பிறகு தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள், திடீரென்று ஒன்றுமே பிடிக்கவில்லை. மன்னிக்கவும், புரியவில்லை, மீண்டும் முயலவும். முயன்றான். காமெடி என்றான், பாட்டு என்றான், அம்மா என்றான், வெறும் ஆ என்றான். மன்னிக்கவும், புரியவில்லை. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். வாயெல்லாம் உலர்ந்துபோனது. அப்போதுதான் புரிந்தது, போய்க்கொண்டிருக்கிறது, வந்தது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, இதுகள் எல்லாம் என் மனசு நோகக் கூடாதென்று முன்னேற்றம் முன்னேற்றம் என்கின்றன. அதோடு பேச்சுப் பயிற்சியை விட்டான். பயிற்சிக்கு வரும் பெண்ணைக் கையைக் காட்டி அனுப்பிவிட்டான். பவளத்திடமும் பேச்சில்லை, வேண்டும் என்றால் ஒரு தலையாட்டல், வேண்டாம் என்றால் ஒரு கையாட்டல். அவள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்கிறாள். "காபி வேணுமா? வேணும்கறீங்களா? சக்கரை கம்மியா? சரி." இருபத்தஞ்சு வருஷமாக அவன் பேசப் பேச ம் கொட்டினவள், அவளுக்குப் பேசவே வராது என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கோடு பாதி தாண்டிவிட்டது. இப்போது கரண்ட் போனால் என்ன ஆகும். பாதிப் புதுப்பித்ததில் பெட்டி அப்படியே செத்துப்போகும் என்று தேன்மொழி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், உள்ளே பழசும் இருக்காது புதுசும் இருக்காது, வெறும் கறுப்புத் திரைதான். உறையூரில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் உண்டா. வெளியே ஒரு காக்கா கம்பியில் உட்கார்ந்தாலே போதும். அவன் மின்விசிறியைப் பார்த்தான், அது சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான், அது நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று ஒரு கிறுக்கு நினைப்பு, நர்ஸ் ஒருத்தி குளிருதா என்று கேட்டு விசிறியை அணைத்தபோது வாயைத் திறந்து கத்த முயன்றான், எச்சில்தான் வந்தது. அவள் எச்சிலைத் துடைத்துவிட்டு "குளிரு விட்டுச்சா தாத்தா" என்றாள். தாத்தாவா. தாடி வளர்ந்தால் தாத்தாவா. அதை இப்போது நினைத்தாலும் சுள்ளென்று வருகிறது. ஐம்பது தாண்டி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை, தலைக்கு மை அடித்து சட்டையை இன் பண்ணி நின்றால் கல்யாணப் பெண்ணே அண்ணா என்பாள். சரி, அந்தக் கதை இப்போது எதற்கு. காக்கா வரவில்லை. கரண்ட் போகவில்லை. மணி பதினொன்றரைபோல இருக்கும், வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டிக் கட்டில் காலுக்கு வந்துவிட்டது, சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போடுகிறது, போடாதே என்றால் கேட்கிறதா. போன் தலையணைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. குப்புறப் போட்டால் மட்டும் அடிக்காதா என்ன.

திரை ஒரு தடவை இருண்டு வெளிச்சமானது. புதுப்பித்தல் முடிந்தது என்று வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்தது: ரிமோட்டை மறுபடி இணைக்க வேண்டும், வீட்டுப் பட்டனையும் பின்செல்லும் பட்டனையும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடிக்கவும். வீட்டுப் பட்டன் என்றால் வீட்டுப் படம் போட்டது, பின்செல்வது வளைந்த அம்பு. இரண்டும் இரண்டு ஓரத்தில் இருக்கின்றன. ஒரே சமயத்தில் என்றால் இரண்டு கட்டைவிரல் வேண்டும். உனக்கென்ன, நீ சொல்லுவே, உனக்குக் கையா காலா. அவன் ரிமோட்டை மடியில் வைத்து இடது கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினான், வலது கையைத் தூக்கி மேலே வைத்தான், அது தூங்குகிற பூனை மாதிரி அங்கேயே கிடந்தது. விரலைப் பார்த்து மனசுக்குள் திட்டினான். முகவாயால் அழுத்திப் பார்த்தான், ரிமோட் வழுக்கித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தான், தலை கிறுகிறுத்தது. கடைசியில் ரிமோட்டைக் குறுக்காக முட்டிகளுக்கு நடுவில் இடுக்கி, வலது கட்டைவிரலைப் பட்டன் மேல் கொண்டுபோய் வைத்து, அதன் மேல் இடது முழங்கையால் ஒரு அழுத்து, அதே நேரம் இடது கட்டைவிரலால் மற்றதில் ஒரு அழுத்து. இந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் ஆளுக்குப் புத்தியும் போய்விட்டது என்பார்கள். ஆனால் டிங் என்று ஒரு சத்தம் வந்தது. இணைந்துவிட்டது! அடி சக்கை என்றான் மனசுக்குள். அந்த வலது கட்டைவிரலில் லேசாக, ரொம்ப லேசாக, பட்டனின் மேடு தெரிந்தது.

பிறகு ஒரு படம் வந்தது. பெரிதாக ரிமோட்டின் படம், ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு விளக்கம். இது ஒலியைக் கூட்ட, இது குறைக்க. எல்லாம் எனக்குத் தெரியும், போ போ என்று தட்டிவிடப் பார்த்தவன் நின்றான். ரிமோட்டின் உச்சியில் ஒரு சின்ன ஓட்டையைக் காட்டி ஒரு அம்பு. மைக் இங்கே உள்ளது, குரல் பட்டனை அழுத்திக்கொண்டு இதன் அருகே பேசவும். அவன் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தான். படத்தில் ஓட்டை இருந்தது, கையில் இருந்ததில் ஓட்டையைக் காணோம். வேற மாடல் போல. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் மஞ்சள் புள்ளி. நகத்தால் சுரண்டினான், போகவில்லை. எழுந்து போய் பவளத்தின் தையல் டப்பாவிலிருந்து ஒரு குண்டூசி எடுத்துக்கொண்டு வந்து, முட்டியில் இடுக்கிக் குத்தினான். கடுகைவிடச் சின்னதாக ஒரு கட்டி காய்ந்து பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது, மஞ்சளாக, நடுவில் கொஞ்சம் சிவப்பாக. மூக்கருகே கொண்டுபோனான். சந்தனம்.

சந்தனம், குங்குமம். அடப்பாவி. ஆயுத பூஜை. இந்த வருஷம் கடைப் பூஜைக்குப் போக முடியவில்லை என்று அவனுக்கு அன்றைக்கு அப்படி ஒரு ஆத்திரம். வருஷா வருஷம் மீட்டர் கோலுக்கும் கத்திரிக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைப்பது அவன்தான், கவுண்டர் கவுண்டராகத் தட்டை எடுத்துக்கொண்டு போவான். அன்றைக்கு வீட்டிலேயே பவளம் கரைத்த சந்தனத்தைப் பிடுங்கிக்கொண்டு, இடது கையால் ஒன்று விடாமல் வைத்தான். மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், கேஸ் அடுப்பு, டிவி, இந்தப் பெட்டி, இந்த ரிமோட். "ஏங்க, அதுக்குமா?" என்று அவள் சிரித்தாள். ஏன், அதுவும் உழைக்கவில்லையா என்று தலையை ஆட்டினான். இடது விரலுக்கு அளவு தெரியவில்லை, திட்டாக, அப்பமாக வைத்தான், நெற்றி என்று நினைத்து வைத்த இடம் அதனுடைய காது. மறுநாள் துணியால் துடைத்தாள், மேலே இருந்தது போனது, உள்ளே இருந்தது இறுகிவிட்டது. புரியவில்லை, புரியவில்லை என்று அது சொன்னது என் நாக்கைப் பற்றி இல்லையடா, அதற்குக் கேட்கவே இல்லை. கேட்காத செவிட்டு மிஷினிடம் தீர்ப்பு வாங்கிக்கொண்டு ரெண்டு மாசமாக வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெண்டாட்டியோடு பேசாமல். பயிற்சிப் பெண்ணை விரட்டிவிட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, ரிமோட்டை எறியலாமா என்று ஓங்கினான், எறியவில்லை. ஏனென்றால் பயம் வந்துவிட்டது. இதுவரைக்கும் முடிந்துபோன விஷயம், அழுது தீர்த்தாகிவிட்டது, நிம்மதி. இப்போது பட்டனை அழுத்திப் பேசி, ஓட்டை திறந்திருந்தும் அது மன்னிக்கவும் என்று சொன்னால்? அப்போது சந்தனத்தின் மேல் பழி போட முடியாது. ரெண்டு மாசம் பயிற்சி இல்லாமல் கிடந்த நாக்கு வேறு. பேசாமல் சந்தனத்தைத் திரும்ப வைத்து அடைத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, சத்தியமாக வந்தது.

அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் வந்து சொல்லுங்கள் என்றது. என்ன சொல்வது. படப் பேர் ஒன்றும் வரவில்லை, வந்தது இதுதான்: "வா... ங்கம்மா." தன் குரலை ரொம்ப நாள் கழித்துக் கேட்கிறான், யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி கரகரப்பாக இருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்கு உதட்டைக் குவித்தான், உக்காருங்க என்று சொல்ல. அதற்குள் வட்டம் மூடிவிட்டது. திரையில் வாங்கம்மா என்று எழுதி, இதற்குப் பொருத்தமாக எதுவும் இல்லை என்றது. எழுதிவிட்டது! எழுத்து மாறாமல் எழுதிவிட்டது! மறுபடி அழுத்தினான். "முந்தி..." என்றான், பாருங்க என்று வருவதற்குள் மூடிவிட்டது. முந்தி என்று மட்டும் எழுதியது. இன்னொரு தடவை. "பட்டு..." பட்டு. சொன்னதெல்லாம் புரிகிறது, சொல்லி முடிக்கத்தான் விடவில்லை. அடுத்த வார்த்தை வருமா வராதா என்று ஒரு நொடி நிற்கக்கூட அதற்குப் பொறுமை இல்லை. இவ்வளவுதானா நீ. இந்த அவசரக்குடுக்கையிடமா நான் பரீட்சை எழுதினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இடது புறங்கையால் துடைத்துக்கொண்டான், சந்தனத் தூள் இமையில் பட்டு எரிந்தது.

போன் அடித்தது. குப்புறக் கிடந்தபடியே தலையணையை அதிரவைத்து அடித்தது. எடுக்காதே, இன்னும் ரெண்டு வாரம் பயிற்சி பண்ணிவிட்டு எடுக்கலாம், வாங்கம்மா ஒன்றை வைத்துக்கொண்டு கவுண்டரில் என்ன பண்ணுவாய், எதிரில் நிற்பவள் கிசுகிசுவென்று பக்கத்தில் சொல்வாள், பாவம்டி என்பாள், அந்தப் பாவத்தை உன்னால் தாங்க முடியுமா. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தான். நின்றுவிடுமோ என்று கை தானாகப் போனது. பச்சையைத் தள்ளிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் கடைச் சத்தம், யாரோ ரசீது ரசீது என்று கத்துகிறார்கள், பட்டைப் பிரிக்கும் சரசரப்புகூடக் கேட்டது. "ஹலோ, பவளமா? அவன் எடுக்க மாட்டேன்னுட்டானா?" என்றார் அந்தோணி அண்ணன்.

"அ... ண்ணே."

"யாரு, மதியா? டேய், நீயா பேசற?"

"நா... ன்தான்." அதற்கு மேல் வரவில்லை. உதடு குவிந்தது, விரிந்தது, தொண்டையில் காற்று மட்டும் போய் வந்தது. இதோ வைக்கப் போகிறார், அந்த வட்டமாக இருந்தால் இந்நேரம் மூடியிருக்கும், என்று நினைத்தான்.

"சொல்லு, சொல்லு. நான் லைன்லதான் இருக்கேன்." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், இருய்யா என்று அதட்டினார்.

"வ... ரேன்" என்றான். "ஆனா... மெ... மெதுவாத்தான்... பேச்சு... வரும்ணே."

"புடவை எடுக்க வர்றவங்க என்னிக்குடா அவசரப்பட்டிருக்காங்க?" என்றார்.

மதியழகன் அதற்கு ஒரு பதில் சொல்ல வாயெடுத்தான். வர நேரமானது. அவர் போனை வைக்கவில்லை.